பிள்ளைகள் ஏன் திரும்பி வருகிறார்கள்?

ஊரில் சிறுவர் கூட்டம் வைத்துப் பார்த்த எல்லாருக்கும் இது தெரியும். முதல் கிழமை மண்டபம் நிறைஞ்சிருக்கும். மூன்றாம் கிழமை பாதிக் கதிரை வெறுமையாக் கிடக்கும். "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு ஃபோன் இருந்தாக் காணும்" என்று பெரியாக்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனால் ஃபோன் வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே இந்தப் பிரச்சினை இருந்தது. சாரணர் இயக்கத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் அதற்கு ஒரு விடையும் கிடைக்கும், ஓர் எச்சரிக்கையும் கிடைக்கும்.

1907 ஓகஸ்ட் மாதம், இங்கிலாந்தின் தென்கரையை அண்டிய பிரவுன்சி என்ற சின்னத் தீவில், பேடன் பவல் என்ற இராணுவ அதிகாரி ஏறக்குறைய 20 பெடியங்களோடு முகாம் போட்டார். கொஞ்சப் பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், மற்றவர்கள் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களைக் கலந்து நாலு சின்ன அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு விலங்கின் அல்லது பறவையின் பெயர், தனிக்கொடி, தங்களுக்குள்ளேயே ஒரு தலைவன். இரவுக் காவலும் அணிகளின் பொறுப்புத்தான். தடம் பார்ப்பதைப் பற்றி இரவில் தீயைச் சுற்றியிருந்து கதையாகக் கேட்டார்கள். பகலில் அதையே போட்டியாக விளையாடினார்கள். பாடம் முடிந்த பிறகு விளையாட்டு என்று அங்கே தனியாக ஒன்று இருக்கவில்லை.

அடுத்த வருஷம் அவருடைய புத்தகம் பகுதி பகுதியாக வெளிவந்தபோது, பிள்ளைகள் தாங்களே வாங்கி வாசித்து, தாங்களாகவே அணி சேர்ந்தார்கள். பெரியவர்கள் பிறகுதான் பின்னால் ஓடினார்கள். 1912 இல் இது மாத்தளைக் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரி வழியாக இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

அதற்குள் இன்னொரு சிக்கல். அண்ணன்மாருக்குப் பின்னால் தம்பிமாரும் வந்து நின்றார்கள். பெரிய ஆக்களின் பயிற்சியைக் கொஞ்சம் குறைத்து அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் 1916 இல் சின்னாக்களுக்கென்று வேறோர் உலகமே உருவானது. கிப்ளிங்கின் காட்டுக் கதைகளிலிருந்து பெயர்களை எடுத்தார்கள். தலைவர் அகேலா என்ற ஓநாய், பிள்ளைகள் குருளைகள். வட்டமாகக் குந்தியிருந்து ஊளையிட்டுத்தான் கூட்டமே தொடங்கும்! ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு உரை தேவையில்லை, கதைக்குள் நுழைய ஒரு வாசல்தான் தேவை என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது.

எச்சரிக்கை இனித்தான் வருகிறது. பேரரசுக்கு விசுவாசமான பிரசைகளை உருவாக்குவது பேடன் பவலின் நோக்கங்களில் ஒன்று. அதை அவர் மறைக்கவில்லை. ஜேர்மனியில் 1933 இற்குப் பிறகு நாசிகள் மற்ற இளைஞர் அமைப்புகளைக் கலைத்தார்கள். ஆனால் கூடாரம், தீமூட்டல், பாட்டு, நடைப்பயணம் எல்லாவற்றையும் ஹிட்லர் இளைஞர் அமைப்புக்குள் வைத்துக்கொண்டார்கள். 1939 இல் அதில் சேருவது கட்டாயமானது. 1945 இல் பெர்லினைக் காக்க அனுப்பப்பட்டவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகளின் உற்சாகத்துக்கு என்ன விலை கேட்பார்கள் என்பது எங்கட மண்ணுக்கும் தெரியாததல்ல.

ஆகவே, கூட்டம் கலகலப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் காணாது. இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு இங்கே செய்ய ஒரு வேலை இருக்கிறதா? விளையாட்டின் விதியை மாற்றுவம் என்று அவள் சொன்னால் நாங்கள் கேட்பமா? பிடிக்கவில்லை என்று சொல்லிப்போட்டு அவள் எழும்பிப் போகலாமா?

பிரவுன்சியில் பெடியங்களுக்கு முதல் கேள்விக்கு விடை கிடைத்தது, அதனால் உற்சாகமாக நின்றார்கள். கடைசிக் கேள்விக்கு இடமில்லாத ஜேர்மனியில் அதே கூடாரமும் அதே பாட்டும் பொறியாகிவிட்டன. எழும்பிப் போகலாம் என்று தெரிந்தும் அடுத்த கிழமை ஒரு பிள்ளை வந்து நிற்கிறாள் என்றால், அந்தக் கூட்டம் அவளுடையதும்தான்.