பலாஸ்ஸோ புப்ளிக்கோ, சியேனா

இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில், சியேனா நகரின் காம்போ சதுக்கத்தை நோக்கி நிற்கும் இடைக்கால ஆட்சி மாளிகை. நகராட்சி அலுவலகங்கள் இன்றும் இங்கே இயங்குகின்றன. ஆட்சியாளர்கள் கூடிய மேல்தள அறைகள் நகர அருங்காட்சியகமாக உள்ளன.

1287 முதல் 1355 வரை சியேனாவை ஆண்டது ஒன்பதின்மர் குழு. வணிகரும் வங்கித் தொழில் செய்தோரும் அதில் இருந்தனர். பழைய பிரபுக் குடும்பங்களுக்கு இடமில்லை. குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறும். பதவிக்காலம் முழுவதும் உறுப்பினர்கள் மாளிகையிலேயே தங்கினர். இவர்கள் காலத்தில்தான், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், கட்டடம் எழுந்தது. கீழ்த்தளம் கல், மேலே செங்கல். சதுக்கத்தைச் சுற்றி வீடு கட்டுவோர் மாளிகையில் உள்ளது போலத் தூண் பிரித்த சாளரங்களே வைக்க வேண்டும் என்று 1297இல் சட்டமும் வந்தது.

ஒன்பதின்மர் கூடிய அறையில் 1338-39இல் அம்புரோஜோ லோரென்செட்டி நல்லாட்சியையும் கொடுங்கோன்மையையும் சுவர் நிறைய வரைந்தார். இடைக்கால ஐரோப்பா அரசியலைப் பற்றித் தீட்டிய ஓவியங்களில் இதற்கு இணை சொல்வது கடினம். பெண்ணுருவாகத் தீட்டிய நீதியின் தராசிலிருந்து இறங்கும் கயிறு, அதேபோல் உருவம் பெற்ற ஒற்றுமையின் கைக்கு வந்து, 24 குடிமக்களின் கைவழியே செல்கிறது. ஒற்றுமையின் மடியில் தச்சரின் இழைப்புளி: மேடுபள்ளத்தைச் சீவிச் சமன்செய்யும் கருவி. நல்லாட்சி நகரில் செருப்புக் கடையும் பள்ளியும் நடக்கின்றன, கொத்தனார்கள் கூரைமேல் வேலை செய்கிறார்கள். கொடுங்கோல் நகரிலோ ஆயுதம் செய்பவனுக்கு மட்டுமே வேலை.

பக்கத்துக் கூடத்தில் சிமோனே மார்த்தீனியின் 1315ஆம் ஆண்டு மரியன்னை ஓவியம் இருக்கிறது. அதற்கு எதிர்ச்சுவரில் வட்டவட்டமாகக் கீறல்கள் தெரியும். அம்புரோஜோ 1345இல் செய்த சுழலும் உலகப்படம் உரசிய தடங்கள் அவை, படம் காணாமற்போய்விட்டது.

மாளிகையின் மாஞ்ஜா கோபுரம் முடிந்த 1348இல் கொள்ளைநோய் நகரைச் சூறையாடியது. அம்புரோஜோவும் அதில்தான் இறந்தார் என்று கருதப்படுகிறது. பிழைத்தவர்கள் நேர்த்திக்கடனாகக் கோபுரத்தடியில் சிறு ஆலயம் எழுப்பினர். 1555இல் நீண்ட முற்றுகைக்குப் பின் சியேனாக் குடியரசு வீழ்ந்தது. சில ஆண்டுகளில் நகரம் புளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் வசமானது. மாளிகையில் குடியரசின் பெருமன்றம் கூடிய மண்டபம் நாடக அரங்காயிற்று. 1680இல் பக்கச் சிறகுகளின்மேல் இன்னொரு தளம் ஏறியது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கூடம் முழுக்க, ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் மன்னரான இரண்டாம் விக்டர் இமானுவேலின் வாழ்க்கைக் காட்சிகள் தீட்டப்பட்டன. குடியரசின் ஓவியங்களோடு அதுவும் இன்று அருங்காட்சியகத்தின் பகுதி.