அரிப்பு முகத்தில், கோளாறு மூளையில்

பக்கவாதம் என்றதும் கை கால் விழுந்து போவதுதான் நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு முகத்தில் தீராத அரிப்பெடுத்து, சொறிந்து சொறிந்தே மூக்கோரம் புண்ணாகிப் போனவர்களும் உண்டு!

1895ல் டான்சிக் நகர மருத்துவர் அடால்ஃப் வாலன்பெர்க், முகுளத்தின் ஒரு பக்கத்தில் ரத்தம் தடைபட்டால் என்னவாகும் என்று விவரித்தார். தலைசுற்றும், விழுங்க முடியாது, பாதி முகத்தில் வலியும் சூடும் தெரியாது. இவர்களில் சிலருக்கு வாரங்களோ வருடங்களோ கழித்து, மரத்துப்போன அதே பக்கத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கும். தோலில் ஒன்றுமே இருக்காது. கெட்டுப்போன நரம்புப் பாதை அனுப்பும் பொய்த் தகவல் அது. கை சொறியப் போகும். மற்றவர்களுக்கு வலித்தவுடன் கை நின்றுவிடும், இவர்களுக்கு வலிக்காதே! மூக்கு மடல் பிறை போலக் குறைந்துகொண்டே வரும். மூக்கு நுனி மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும், அங்கே வரும் நரம்புக் கிளை வேறு.

ஐந்தாம் மூளை நரம்பை அறுவை சிகிச்சையில் வெட்டிய பிறகும் இதுபோன்ற புண் வந்தது 1933ல் பதிவானது. இத்தகைய புண்ணைப் புற்றுநோய் என்றும் தொழுநோய் என்றும் சந்தேகிப்பது உண்டு.

தொழுநோய் என்றதும் வேலூருக்கு வர வேண்டும். பால் பிராண்ட் 1914ல் கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய தாய் ஈவ்லின், பின்னாளில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையிலும் ஊழியம் செய்தவர். 1946ல் பிராண்ட் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபோது, தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் மருத்துவர்களே நம்பினார்கள். ஒருநாள் ஒரு சிறுவன் துருப்பிடித்த பூட்டை முழு பலத்தோடு திருகித் திறந்தான். விரல் எலும்பு வரை கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. அதன் பிறகு பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். சூடான பாத்திரம், செருப்பு ஆணி, தூங்கும்போது கடித்த எலி... (எலிக்காகப் பூனை வளர்க்கச் சொன்னார்கள்!) சதை அழுகவில்லை, வலிதான் இல்லை.

தொழுநோயில் நரம்பு கெடுவது கை கால்களில், பக்கவாதத்தில் மூளைத்தண்டுக்குள். ஆனால் புண் வரும் விதம் ஒன்றேதான். பக்கவாத நோயாளிக்கோ கூடுதலாக அரிப்பும் உண்டு, வீட்டாரிடம் "வேண்டுமென்றே சொறிகிறாய்" என்ற பேச்சும் உண்டு. பாதிப் பேச்சு குழறும் நிலையில் அவர் என்ன பதில் சொல்வார்? பல நேரம் தூக்கத்தில்தான் சொறிகிறார்.

களிம்பு மட்டும் தடவிப் பயனில்லை. நகத்தை ஒட்ட வெட்டி, புண்ணை மூடி, இரவில் கையுறை போட்டுவிடுகிறார்கள். கபாபென்டின், கார்பமாசெபைன் போன்ற நரம்பு மாத்திரைகள் சிலருக்கு அரிப்பைக் குறைக்கின்றன. கை படாமல் பார்த்துக்கொண்டால் புண் மெல்ல ஆறத் தொடங்கும்.