ஏடு காத்தல் நம் கடன்

நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் இல்லத்து ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்து அறிஞருலகிற்கு அறிமுகப்படுத்தினார். நிலம், நீர், வரி பற்றிய செய்திகளோடு, மனிதரை விலைக்கு விற்ற அடிமை ஓலைகளும் அவற்றுள் உள்ளன. திருவிதாங்கூரில் 1855-ஆம் ஆண்டு அரச விளம்பரத்தால் அடிமைமுறை ஒழிந்தது. அதற்கு முன் வாழ்ந்த நம் முன்னோர் பலரின் சுவடு, உடையவர் எழுதிவைத்த ஓலைகளில்தான் எஞ்சியுள்ளது.

நாமே எழுதியவற்றின் நிலை என்ன? அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கி, 1914-இல் மறையும் வரை நடத்தினார். அன்பு பொன்னோவியம் போன்ற பற்றாளர்கள் பேணிவைத்த இதழ்கள் துணைநின்றமையால், பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் அவர்தம் எழுத்துகளைத் தொகுதிகளாக வெளியிட்டது.

இப்பணிக்கு இன்று நல்கைகளும் உண்டு. இலண்டன் பிரித்தானிய நூலகம் ஆர்க்கேடியா அறநிதியின் துணையுடன் 2004 முதல் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்க நல்கை வழங்கிவருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அதனைப் பெற்றுத் தமிழகச் சிற்றூர்களின் வழக்குத் தீர்ப்பு ஆவணங்களைப் படியெடுத்தது. மூல ஏடு பிறந்த நாட்டிலேயே இருக்கும். மின்படி எவரும் கட்டணமின்றிக் காண்பதற்கு உரியது.

ஆனால் எங்கே, என்ன, எத்தனை உள்ளன என்று கூறாதார்க்கு எவரும் நல்கை தாரார். ஆகவே வெள்ளிவிழா நினைவாக, நம் வீட்டுப் பெட்டிகளிலுள்ள பட்டாக்கள், மனுக்கள், துண்டறிக்கைகள், நிழற்படங்கள் ஆகியவற்றுக்கு ஊர்தோறும் பட்டியல் எழுதுவோம். கூரை ஒழுக்கிலும் கரையான் வாயிலும் போனவை போகட்டும், இருப்பவற்றையேனும் காப்போம்.