அடுத்த எழுத்து எங்கே இருக்கிறது?

2004 டிசம்பர் 26. மாமல்லபுரத்துக் கரையில் ஏறிய கடல் திரும்பும்போது மணலையும் வாரிக்கொண்டு போனது. ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டரில் இருக்கும் சாளுவன்குப்பத்தில், மணல் விலகிய ஒரு பாறையில் கல்வெட்டு தெரிந்தது. அங்கே ஒரு சுப்பிரமணியர் கோயில் இருந்ததாக அது சொன்னது. கண்ணுக்கு எட்டியவரை அப்படி ஒரு கோயில் இல்லை. தொல்லியல் துறையினர் அந்தச் சொல்லை நம்பி 2005இல் பக்கத்து மேட்டைத் தோண்டினார்கள். பல்லவர் காலக் கருங்கல் கோயில் வெளிவந்தது. அதற்கும் அடியில் இன்னும் பழைய செங்கல் கட்டுமானம், முன்னால் ஒரு கல் வேல்.

சி மொழியில் பாயிண்டர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பாறையைத்தான் காட்டுவேன். பாறை கோயில் இல்லை. கோயில் எங்கே என்கிற தகவல் மட்டும்தான் அதில் இருக்கு. பாயிண்டரும் அப்படித்தான். அதில் இருப்பது மதிப்பு அல்ல, மதிப்பு இருக்கும் இடத்தின் முகவரி.

முகவரி கிடைத்தால் போதுமா? போதாது. அங்கே இருப்பது எவ்வளவு நீளம், அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றும் தெரிய வேண்டும். சி பிறந்ததற்கான காரணங்களில் ஒன்று இந்தக் கேள்விதான்.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய பி மொழியில் வகைகளே கிடையாது. எல்லாமே ஒரே அளவுள்ள ‘சொல்’. அது முதலில் ஓடிய பிடிபி-7 கணினியின் நினைவகமும் சொல் சொல்லாகவே எண்ணப்பட்டது. முகவரியோடு 1 கூட்டினால் அடுத்த சொல். பிறகு வந்த பிடிபி-11 பைட் பைட்டாக எண்ணியது. அதில் ஒரு சொல்லுக்கு 2 பைட். வெறுமனே 1 கூட்டினால் சொல்லின் நடுவில் போய் நிற்போம். அதனால் ஒவ்வொரு முறையும் சொல்லின் எண்ணை பைட் முகவரியாக மாற்ற வேண்டியிருந்தது. டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் அந்த மொழியை வளர்த்து சி ஆக்கியபோது பாயிண்டருக்கு ஒரு வகை வந்தது. கூட்டும்போது அந்த வகையின் அளவால் பெருக்குவது கம்பைலரின் வேலை ஆனது. முகவரி 1000 என்றால், கேரக்டர் பாயிண்டருக்கு அடுத்தது 1001. நான்கு பைட் முழு எண்ணுக்கு 1004. அணியின் முதல் உறுப்புக்கு எண் ஏன் 0 என்றால், தொடக்கத்திலிருந்து அது பூஜ்ஜியம் அடி தள்ளி இருக்கிறது. அவ்வளவுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். அடியின் நீளம் நினைவகத்தில் எழுதப்படுவதில்லை. அதைப் படிக்கிறவர் கொண்டுவர வேண்டும். கல்வெட்டும் அப்படித்தான். பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இருக்காது. அது ‘ல’வா, ‘ல்’லா என்பதைப் படிப்பவர்தான் தீர்மானிக்கிறார்.

சி மொழியின் கேரக்டர் ஒரு பைட். ஆங்கிலத்துக்கு அது கச்சிதம்: ஓர் எழுத்து, ஓர் அடி. தமிழுக்கு? யூனிகோடின் தமிழ் அட்டவணை 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. அதில் புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்கும் தனித்தனிக் குறியெண். 1992இல் அதே தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட். ‘மாமல்லபுரம்’ 7 எழுத்து, 11 குறியெண், 33 பைட். ‘செங்கல்பட்டு’ம் 7 எழுத்துதான், ஆனால் 12 குறியெண், 36 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுமே 12 பைட்.

ஊர்ப் பெயருக்கு 20 பைட் போதும் என்று ஒருவர் முடிவுசெய்கிறார் என்று வையுங்கள். கடைசி பைட் முடிவுக்குறிக்குப் போனால் மீதி 19. செங்கல்பட்டு அதில் ‘செங்கல’ என்று நிற்கும், கூடவே உடைந்த ஒரு பைட். அறுந்துபோனது புள்ளி. ஓர் அலுவலகம் தந்த ரசீதில் என் ஊர்ப் பெயர் இப்படித்தான், கடைசியில் ஒரு கேள்விக்குறியோடு அச்சாகி வந்தது. கல்வெட்டு படிப்பவர் அங்கே நின்று யோசிப்பார். நிரல் யோசிக்காது.

வேறு வழி இருந்தது. தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் ஏற்றது. அதில் உயிர்மெய் உட்பட ஒவ்வோர் எழுத்துக்கும் 2 பைட்டில் ஒரே இடம். செங்கல்பட்டுக்கு 14 பைட். ஓர் அடி வைத்தால் அடுத்த எழுத்து. ஆனால் உலகம் யூனிகோடோடு போய்விட்டது. டேஸ்16இல் எழுதியதை உங்கள் கைப்பேசி காட்டாது. எல்லோரோடும் பேச முடிவதற்காக நாம் கொடுத்த விலை அது. அந்த விலை சரிதான் என்றே நினைக்கிறேன்.

ஆகவே, அடியின் நீளத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும். தமிழ்ச் சரத்தை வெட்டும் முன் குறியெண்ணின் தொடக்க பைட் வரை பின்னால் போங்கள். அங்கே இருப்பது புள்ளியோ உயிர்க்குறியோ என்றால் அதன் மெய்வரை இன்னும் ஓர் அடி பின்னால் போங்கள். நான்கு வரி நிரல், ஊர்ப் பெயர் வெட்டுப்பட்டாலும் அதில் மிஞ்சும் எழுத்துகள் முழுசா நிற்கும்.