விலங்கின் உறுப்பு, மனித உடல்: சோனாப்பூர் முதல் சென்னை வரை

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலிலிருந்து வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டைச் சுற்றியும் வாழ்பவர்களில் யாருக்கு இதய வால்வு பழுதடைந்தாலும் மருத்துவர் சொல்லும் வழிகளில் ஒன்று திசு வால்வு. அது பன்றியின் வால்வாக இருக்கும், அல்லது மாட்டின் இதய உறையில் செய்ததாக இருக்கும். ஒன்று ஒருவருக்கு நெருடல், மற்றது இன்னொருவருக்கு. ஆனால் உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் விலக்கு உண்டென்று இஸ்லாமியச் சட்ட அறிஞர் பலர் ஏற்றிருக்கிறார்கள். மாட்டுத் திசு வால்வோடு கோயிலுக்குப் போய்வருகிறவர்களும் உண்டு. விலங்கு உறுப்பு மாற்றுக்கு மதமே பெருந்தடை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. தடை வேறிடத்தில் இருந்தது.

1965இல் பாரிஸில் பன்றி வால்வை மனிதருக்குப் பொருத்தினார்கள். பின்னர் அலென் கார்ப்பென்டியே குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்தும் முறையைக் கொண்டுவந்த பிறகே அது நீடித்து உழைத்தது. பதப்படுத்திய திசுவில் உயிரணு இல்லை. உடலின் எதிர்ப்பும் பெரிதும் அடங்கிவிடுகிறது. உயிருள்ள உறுப்பின் கதை வேறு. பன்றியின் இரத்தக் குழாய்ச் சுவரில் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை மூலக்கூறு இருக்கிறது. அதற்கெதிரான எதிர்ப்பொருள் நம் எல்லோர் இரத்தத்திலும் முன்கூட்டியே உண்டு. பொருத்திய சில நிமிடங்களில், மிஞ்சினால் சில மணி நேரத்தில், இரத்தம் உறைந்து உறுப்பு கறுத்துப்போகும்.

1906இல் பிரான்சின் லியோன் நகரில் மத்தியூ ஜாபுலே பன்றி, ஆட்டுச் சிறுநீரகங்களைப் பொருத்தித் தோற்றார். 1960களில் அமெரிக்காவின் கீத் ரீம்ஸ்மா சிம்பன்சியின் சிறுநீரகங்களைப் பொருத்தியபோது ஒரு பெண் ஒன்பது மாதம் வாழ்ந்தார். சிம்பன்சிக்கும் நம்மைப்போலவே அந்தச் சர்க்கரை கிடையாது. 1984இல் கலிஃபோர்னியாவில் பபூன் குரங்கின் இதயம் பெற்ற பச்சிளம் குழந்தை மூன்று வாரம் வாழ்ந்தது. ஆனாலும் குரங்கினம் கைவிடப்பட்டது. நமக்கு நெருங்கிய உயிரிலிருந்து வைரஸ் தாவும் அச்சம் ஒரு காரணம், அறக்கேள்வி இன்னொன்று. பன்றியோ விரைவில் ஈனும். உறுப்பின் அளவும் பொருந்தும்.

இந்த இடத்தில்தான் இந்தியா வருகிறது. 1997 ஜனவரியில் அசாமின் சோனாப்பூரில் டாக்டர் தனிராம் பரூவா, ஹாங்காங் அறுவை மருத்துவர் ஜோனதன் ஹோவுடன் சேர்ந்து 32 வயது நோயாளிக்குப் பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் பொருத்தினார். ஏழாம் நாள் நோயாளி இறந்தார். இருவரும் கைதானார்கள், பரூவா நாற்பது நாள் சிறையில் இருந்தார். இன்று அவரைக் காலத்தை முந்திய மேதை என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. என்னால் அப்படிச் சொல்ல முடியாது. ஆல்ஃபா-கால் நீக்கிய பன்றி அன்று இல்லை. சகாக்கள் சரிபார்த்த தரவும் வெளிவரவில்லை. ஒரு நோயாளியின் உயிர் அதற்கு ஈடாக வைக்கப்பட்டது. அதே சமயம் அவரை விசாரிக்கக் கையிலிருந்தது மனித உறுப்புகளுக்காக 1994இல் இயற்றிய சட்டம்தான். விலங்கு உறுப்புக்கென்று விதி எதுவும் இல்லை.

ஆல்ஃபா-காலை உண்டாக்கும் மரபணுவை முடக்கிய பன்றிகள் 2002ஐ ஒட்டிப் பிறந்தன. அதன்பின் இருபது ஆண்டு பபூன்களில் சோதனை. 2022 ஜனவரியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பத்து மரபணுத் திருத்தம் செய்த பன்றியின் இதயத்தை 57 வயதுக்காரருக்குப் பொருத்தினார்கள். இரண்டு மாதம் வாழ்ந்தார். அந்த இதயத்தில் பன்றிக்குரிய சைட்டோமெகலோ வைரஸ் மறைந்திருந்தது பிறகே தெரிந்தது. 2024 மார்ச்சில் பாஸ்டனில் 69 திருத்தம் செய்த பன்றிச் சிறுநீரகம் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அங்கேயே 2025 ஜனவரியில் வைத்த இன்னொன்று 271 நாள் வேலை செய்தது.

சென்னைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற பெயர் ஏற்பட்ட காலத்தை இந்த நகரம் மறக்கக்கூடாது. கடனுக்காகச் சிறுநீரகம் விற்றவர்களில் பெண்களே மிகுதி. 2008இல் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர அரசு ஆணைகளோடு வெளிப்படையான முறை வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி தம் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். இதயம் முகப்பேரில் டாக்டர் கே. எம். செரியனின் மருத்துவமனையில் ஒரு சிறுமிக்குப் போயிற்று. மாட்டுத் திசுவைப் பதப்படுத்தி இதய அறுவைக்கு ஆக்கும் ஆய்வும் அங்கே நடந்தது. ஆக, விலங்குத் திசு அறிவும் உறுப்புப் பகிர்வு நேர்மையும் இந்த நகரத்துக்குப் புதியவை அல்ல.

சிறுநீரகத்துக்காக ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கும் மாநிலத்தில் பன்றிச் சிறுநீரகம் ஒருநாள் வரத்தான் போகிறது. யாருக்கு முதலில் பொருத்துவது, ஒப்புதலை எந்த மொழியில் எப்படிப் பெறுவது, நோயாளியையும் வீட்டாரையும் வைரஸுக்காக எத்தனை ஆண்டு கண்காணிப்பது, செலவு யாருடையது என்ற விதிகளை அரசும் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகமும் இப்போதே எழுதி, பொதுமக்கள் படிக்கும்படி தமிழில் வெளியிட வேண்டும்.