சமய ஆய்வியல்: இங்கிலாந்தின் ஏ லெவல் பாடம்

இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளில், அதாவது 16 முதல் 18 வயது வரை, ஏ லெவல் தேர்வுக்காக மாணவர் விரும்பி எடுக்கும் பாடங்களுள் ஒன்று சமய ஆய்வியல். கடவுள் உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் கூறப்படும் வாதங்கள், சரி தவறுகளை முடிவுசெய்யும் அறவியல் கோட்பாடுகள், ஏதேனும் ஒரு சமயத்தின் சிந்தனை மரபு ஆகிய மூன்றும் இதில் அடங்கும். சான்றிதழில் சமய ஆய்வியல் என்றே குறிக்கப்பட்டாலும், பள்ளிகள் பலவும் இதனைச் 'சமயம், மெய்யியல், அறவியல்' என்று அறிமுகப்படுத்துகின்றன. சமயம் என்ற சொல் தனித்து நின்றால் மறைக்கல்வி வகுப்பு என்று கருதி மாணவர் ஒதுங்கிவிடுவர் என்ற தயக்கமும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

சட்டப்படி கட்டாயமான சமயக் கல்வியிலிருந்து இப்பாடத்தைப் பிரித்தறிதல் வேண்டும். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில் சமய போதனையையும் அன்றாடக் கூட்டு வழிபாட்டையும் கட்டாயமாக்கியதோடு, விரும்பாத பெற்றோர் தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்ளவும் இடமளித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமோ, பாடத்திட்டம் கிறித்தவத்துக்கு முதன்மை தரும்போதே நாட்டில் பின்பற்றப்படும் பிற பெருஞ்சமயங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது. இவ்விரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கற்பிக்கும் முறையே மாறியது. 1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமய ஆய்வுத் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட், சமயத்தை நிகழ்வியல் நோக்கில் பயிலும் முறையைப் பரப்பினார். ஒரு நம்பிக்கை மெய்யா பொய்யா என்ற தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு, நம்புவோரின் நிலையிலிருந்து அதைப் புரிந்துகொள்ள முயல்வதே அம்முறையின் சாரம்.

ஏ லெவல் தேர்வு அவ்வாறு ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்பைத் திரும்பக் கேட்கிறது. 2016இல் கற்பிக்கத் தொடங்கி 2018இல் முதன்முறையாகத் தேர்வு நடத்தப்பட்ட புதிய பாடத்திட்டத்தில், 40 விழுக்காடு மதிப்பெண் அறிவுக்கும் புரிதலுக்கும், 60 விழுக்காடு ஆய்ந்து மதிப்பிடும் திறனுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. ஓ.சி.ஆர். என்னும் தேர்வு வாரியத்தின் முறையில் தாள்கள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். நான்கு வினாக்களில் மூன்றுக்குக் கட்டுரை வடிவில் விடை எழுத வேண்டும். மாணவர் எதை நம்புகிறார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. பக்தரும் நாத்திகரும் ஒரே தரத்தில் வாதிட்டால் ஒரே மதிப்பெண் பெறுவர்.

மெய்யியல் பகுதியில் மாணவரை மிகுதியும் வாதிடத் தூண்டுவது தீமைச் சிக்கல் எனலாம். கடவுள் எல்லாம் வல்லவர், முழுமையான நல்லவர், ஆயினும் உலகில் தீமை உண்டு என்னும் மூன்று கூற்றுகளும் ஒருங்கே மெய்யாக இருக்க இயலாது என்று 1955இல் ஜே. எல். மாக்கி வாதிட்டார். தீமை தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைவே என்பது அகுஸ்தீனாரின் பழைய விடை. துன்பம் நிறைந்த உலகம் ஆன்மாவைப் பக்குவப்படுத்தும் களம் என்பது 1966இல் ஜான் ஹிக் தந்த விடை. சைவ சித்தாந்தம் அறிந்த தமிழ் வாசகருக்கு ஹிக்கின் விடை அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஆணவ மலம் தொடக்கமற்றது, இறைவனால் படைக்கப்படாதது என்று சித்தாந்தம் கொள்வதால், மாக்கியின் கேள்வி அங்கு இதே கூர்மையுடன் எழுவதில்லை.

அறவியல் பகுதியில் தாமஸ் அக்குவினாஸின் இயற்கை விதி, கான்ட்டின் கடமைக் கோட்பாடு, பெந்தாம், மில் ஆகியோரின் பயன்வழிக் கொள்கை, அன்பு ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் ஜோசப் ஃபிளெட்சரின் சூழ்நிலை அறம் ஆகியன கற்பிக்கப்பட்டு, கருணைக் கொலை, வணிக நெறி, பாலியல் ஒழுக்கம் ஆகியவற்றோடு பொருத்திப் பார்க்கப்படுகின்றன. இரண்டே ஆண்டுகளில் இத்தனை பேரையும் கடக்க வேண்டியிருப்பதால், மூல நூல்களைப் படிப்பதைவிட ஆளுக்கொரு சுருக்கக் குறிப்பை மனப்பாடம் செய்வது எளிதாகிவிடுகிறது; நுணுகி மதிப்பிடவே 60 விழுக்காடு ஒதுக்கிய திட்டத்தில் இது சிறு முரணன்று. மூன்றாம் தாளுக்கு இந்து சமயம், பௌத்தம், இஸ்லாம், யூதம் ஆகியவற்றுள் ஒன்றையும் எடுக்கலாம் என்றாலும், பெரும்பாலான பள்ளிகள் கிறித்தவத்தையே தெரிந்தெடுக்கின்றன. ஏனைய இரு தாள்களின் வாதங்களும் பெரிதும் கிறித்தவ ஐரோப்பாவில் உருவானவை என்பதால், அத்தெரிவு வசதியானதும் ஆகும்.

இத்தேர்வு முறையின் வழிவந்த இலங்கையின் உயர்தரத் தேர்வில் இவ்வாறான இணைப்பு இல்லை. அங்கு இந்து நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம் முதலியன தனிப் பாடங்களாகவும், வாதத்தின் இலக்கணத்தைக் கற்பிக்கும் அளவையியலும் விஞ்ஞான முறையும் வேறொரு பாடமாகவும் உள்ளன.