முழங்கால் ஜவ்வு கிழிந்தால்: சிகிச்சையும் தொழுகையும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் இஷாவுக்குப் பிறகு டர்ஃப் மைதானங்களில் பந்து விளையாடும் நம் பிள்ளைகள் அதிகம். ஓடும் வேகத்தில் சட்டென்று திரும்பும்போது முழங்காலுக்குள் 'டப்' என்று கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால், ஜவ்வு எனப்படும் லிகமெண்ட் கிழிந்திருக்கலாம். பைக் சறுக்கி விழுந்தாலும் இது நேரும்.

சில வாரங்களில் வீக்கம் வற்றும், நடக்கவும் முடியும். குணமாகிவிட்டது என்று நாம் ஏமாறுவது இங்கேதான். படி இறங்கும்போது முட்டி நழுவுகிறதா? கிழிசல் அப்படியே இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு நழுவலும் உள்ளிருக்கும் குருத்தெலும்பையும் கெடுக்கும்.

முதல் 2, 3 நாட்கள் ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். காலைத் தலையணை மேல் உயர்த்துங்கள். எண்ணெய் போட்டு நீவுவதும் சுடு ஒத்தடமும் வேண்டாம். அடிபட்டதும் புத்தூர் கட்டுக்குக் கிளம்புவது நம் பகுதி வழக்கம். கிழிந்த ஜவ்வைக் கட்டுப்போட்டு ஒட்ட முடியாது. பாதம் சில்லிட்டாலோ மரத்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

எலும்பு டாக்டர் காலைச் சற்று மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்து, தளர்வைப் பார்ப்பார். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டுமே தெரியும். ஜவ்வைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. தொழிற்பேட்டையில் வேலை செய்து இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்போருக்கு அயனாவரம், கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உண்டு. மற்றவர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போகலாம்.

உட்பக்க ஜவ்வு பெரும்பாலும் பிரேஸிலும் பயிற்சியிலும் ஆறிவிடும். நடுவிலுள்ள முன் சிலுவை ஜவ்வு முழுதாக அறுந்தால் தானாகச் சேர்வது அரிது. அதற்காக எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. முட்டி நழுவாதவர்களுக்குப் பிசியோதெரபியே போதுமானதாக இருக்கலாம். ஆபரேஷன் செய்தால் மைதானத்துக்குத் திரும்ப 9 மாதமாவது ஆகும்.

முழங்காலைக் காட்டக் கூச்சப்பட்டு வலியை மறைக்கும் பெண்களைப் பார்க்கிறோம். சிகிச்சைக்குத் தேவையான அளவு காட்ட மார்க்கத்தில் அனுமதி உண்டு. பெண் டாக்டர் கிடைத்தால் அவரிடம் செல்லுங்கள்.

தொழுகைக்கு வருவோம். நிற்க முடிகிறது, மடக்க முடியவில்லை என்றால், ஷாஃபிஈ மத்ஹபில் நிலை கடமையாகவே இருக்கும்: நின்று தொழுது, ஸஜ்தாவுக்கு மட்டும் நாற்காலியில் அமர்ந்து சைகை செய்யுங்கள். ஹனஃபி மத்ஹபில் ஸஜ்தா செய்ய இயலாதவர் உட்கார்ந்தே சைகையால் தொழலாம். முழங்கால் உளூவில் கழுவும் உறுப்பல்ல. பிரேஸைக் கழற்ற வேண்டாம். கடமையான குளிப்பில் கட்டை அவிழ்ப்பது தீங்கென்று டாக்டர் சொன்னால், மற்ற இடங்களைக் கழுவிக் கட்டின் மேல் மஸ்ஹு செய்யுங்கள். ஷாஃபிஈகள் தயம்மும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.